அத்தையை வரைந்த ஐந்து பேர்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் ஜீவனஹள்ளியில் குடியிருந்தோம். என் மாமியார் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருந்த கலைக்கூடத்தில் பொதுமக்களுக்கான ஓவிய நாள் என்று கேள்விப்பட்டு அவரை அழைத்துக்கொண்டு போனேன்.

"சும்மா பாத்துட்டு வரலாம், அத்தை" என்றுதான் சொல்லியிருந்தேன்.

மரத்தடியில் மாணவர்கள் வந்தவர்களை உட்காரவைத்து வரைந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் அத்தையிடம், "ஸ்வல்ப கூத்கொள்ளி அம்மா" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினாள். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அரை மணி நேரம் அசையவே இல்லை. எதிரே ஐந்து பேர் அவரைப் பார்ப்பதும் வரைவதுமாக இருந்தார்கள்.

முடிந்ததும் படங்களைப் புல்தரையில் பரப்பி வைத்தார்கள். நான்கில் அத்தை லேசாகச் சிரித்தார். அந்தப் பெண் வரைந்ததில் மட்டும் உதடுகள் இறுகி, கண்ணில் கோபம் இருந்தது. எனக்குச் சங்கடமாகிவிட்டது. அத்தையோ அதைத்தான் கையில் எடுத்தார்.

"இந்தப் பொண்ணுதான் சரியா பாத்திருக்கு."

"யார் மேல கோவம், அத்தை?"

"பதினாறு வருஷமா வேலை பாக்குறேன். இத்தினி நாள்ல அங்க ஒருத்தரும் என் மூஞ்சிய பாத்துப் பேசினதில்ல. இங்க அஞ்சு பேரு பாக்கவும் எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு."

திரும்பும்போது பஸ்ஸில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தும், இடது புருவத்தில் இருந்த தழும்பு அன்றுதான் என் கண்ணில் பட்டது. எப்படி வந்தது என்று கேட்டேன். வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.