அம்மா தேறிவிட்டாள்

தையல்காரியின் வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும். அதனால் பாதி வார்த்தையை விழுங்கித்தான் பேசுவாள். மீதியை அம்மா பேசிவிடுவாள். அம்மாவுக்குத் தெருவில் ‘ஒலிபெருக்கி’ என்று பெயர். பெயர் வைத்தவன் கெட்டிக்காரன்.

தம்பி சரக்குக் கப்பலில் சமையல்காரன். கப்பலில் கள்ளச் சரக்கு இருந்ததென்று அயல்நாட்டுத் துறைமுகமொன்றில் எல்லோரையும் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். வெங்காயம் உரித்தவனுக்குச் சரக்கைப் பற்றி என்ன தெரியும்? முதலாளி கம்பி நீட்டிவிட்டான், சமையல்காரன் கம்பி எண்ணுகிறான்.

தையல்காரி ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களின் விவகாரத்தைக் கவனிக்கும் கண்ணாடிக்கார அதிகாரி ஒருவர்தான் கடைசியில் வழி சொன்னார்.

“பெத்தவங்க உயிருக்குப் போராடுறாங்கன்னா, மனிதாபிமான அடிப்படையில விடச் சொல்லி அந்த அரசாங்கத்தைக் கேட்கலாம்மா.”

அம்மாவுக்கு அப்போது நிஜமாகவே இதயம் மோசமாக இருந்தது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். டாக்டர் எழுதிக் கொடுத்தார், மனு போனது. அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

“படுத்துக்கிட்டே புள்ளையக் கொண்டாந்துடறேன் பாருடீ,” என்றாள்.

பாழாய்ப்போன புது மாத்திரை வேலை செய்துவிட்டது. கண்ணாடிக்காரர் நேரில் பார்த்து எழுத வந்த அன்று, அம்மா வாசலில் நின்று குப்பை வண்டிக்காரனை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். யார் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். குழந்தைகூட நம்பாது.

“பார்த்ததைத்தானேம்மா நான் எழுத முடியும்,” என்று கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மனு திரும்பி வந்தது. அம்மா பிழைத்ததற்காக அழுத மகள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அழுததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு மறுபடியும் அழுதாள்.

அதற்குப் பிறகு ஒலிபெருக்கி அடங்கிவிட்டது. கால் வீங்கியது. மாத்திரையைத் தவறாமல் கொடுத்தும் ஏன் இப்படி என்று தையல்காரிக்கு விளங்கவில்லை. மேசைக்கு அடியில் கிடந்த வெட்டுத்துணி மூட்டையைப் பிரித்தபோது விளங்கியது. உள்ளே எச்சில் பட்டு ஊறிய மாத்திரைகள்.

“என்னம்மா இது? செத்துப்போயிடுவ!”

“கத்தாதேடீ. அவன் வந்ததும் ஒழுங்கா முழுங்கறேன். நான் கணக்காத்தான் இருக்கேன்.”

“கணக்குத் தப்பிப்போச்சுன்னா?”

“என்னைத் தூக்கறதுக்காவது அவனை விட மாட்டாங்களா?”

தையல்காரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. அன்றுமுதல் மாத்திரை கொடுத்ததும், “ஆ காட்டு” என்று நாக்குக்கு அடியில்வரை பார்த்தபிறகே நகர்ந்தாள். அம்மா முனகிக்கொண்டே காட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக வீக்கம் வடிந்தது. மனுவை மறுபடியும் கொடுத்து வைத்தார்கள். வேறு என்ன செய்வது?

ஒருநாள் மத்தியானம் தம்பி போனில் பேசினான். கூடவே இருந்த ஒருவன் காய்ச்சலில் போய்விட்டானாம்.

“அக்கா, என்னை எப்படியாவது வெளிய எடுத்துடுக்கா,” என்றான். அதற்குள் யாரோ அதட்டும் சத்தம். பேச்சு அறுந்துவிட்டது. சற்று நேரத்தில் கண்ணாடிக்காரர் கூப்பிட்டார். அடுத்த வாரம் அம்மாவைப் பார்க்க வருகிறாராம்.

சாயங்காலம் அம்மா மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். ஒரு பக்கக் கன்னம் லேசாகப் புடைத்திருந்தது. வழக்கமாக வாயைத் திறந்து காட்டுகிறவள், திறக்காமல் மகளையே பார்த்தாள்.

தையல்காரி மேசைப் பக்கம் திரும்பி, இரண்டு குண்டூசியை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டாள்.