காற்று விழுந்த நேரம்

சூசை அண்ணாச்சி இறந்த சேதியை என் வாசலுக்கே வந்து சொன்னவர் அவருடைய தங்கை பிலோமினா. "எங்க அண்ணன் போயிட்டாவ. கூட வேல பாத்தவுகளுக்கும் சொல்லிருங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ வருடங்களாக 'அண்ணன்' என்ற சொல்லையே அந்த அம்மாள் வாயில் எடுத்ததில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முத்துக்குளிக்கக் கடலில் இறங்குகிறவருக்குப் படகில் நின்று கயிறு பிடிப்பவர் அவருடைய மைத்துனர்தான். தங்கை தாலி அறுத்துவிடக் கூடாதே என்ற பயம் வேறு யாருக்கு இருக்கும்? பிலோமினாவின் கணவர் லூர்துவுக்கு அண்ணாச்சிதான் கயிறு பிடித்தார். அடியிலிருந்து லூர்து கயிற்றைச் சுண்டினால் இவர் மேலே இழுக்க வேண்டும். ஒருநாள் விடியலில், முதல் முழுக்கில், கயிறு அசையவில்லை. அந்தக் கரையிலேயே பெரிய மூச்சு லூர்துவின் மூச்சு. அண்ணாச்சிக்கு அதில் அவ்வளவு பெருமை. அந்தப் பெருமையில் கொஞ்சம் காத்திருந்துவிட்டார். இழுத்தபோது வெறுங்கயிறுதான் வந்தது. உடல் கிடைக்கவே இல்லை.

கரையில் தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எப்பண்ணே இழுத்தீய?" அண்ணாச்சி கையிலிருந்த கயிற்றை மணலில் போட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

அதற்குப் பிறகுதான் எங்கள் துறைமுகச் சரக்குக் கொட்டகைக்குக் காவலராக வந்தார். நான் அங்கே குமாஸ்தா. துறைமுகத்தில் திரும்பின பக்கமெல்லாம் கயிறு. இவரோ கயிற்றைத் தொட மாட்டார். மூட்டை அவிழ்ந்தால்கூட வேறு ஆளைக் கூப்பிடுவார். அப்படிப்பட்டவர் தினமும் விடியுமுன் ஒரு கயிற்றோடு கடலுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரன். மார்கழியில் கோயில் பொங்கலுக்காக எழுந்திருப்பேனே தவிர, பெருமாளுக்காக எழுந்தவனில்லை. வேடிக்கை பார்க்கத்தான் ஒருநாள் அவரோடு போனேன்.

கடலுக்குள் நீண்டிருந்த பழைய மரப்பாலத்தின் நுனியில் நின்று, கல் கட்டிய கயிற்றைத் தண்ணீரில் இறக்கினார். கரைக்காற்று ஓய்ந்துகொண்டே வந்து நின்றது. தண்ணீர் அசையவில்லை.

"காத்து விழுந்துட்டு ஓய். இப்பம் கடலு மூச்சப் பிடிக்கும். நானும் பிடிப்பேன். அது விடுத வரைக்கும் நானும் விட மாட்டேன். எனக்குச் செபம் இதுதான்."

கண்களை மூடிக்கொண்டார். முகம் கறுத்துக்கொண்டே வந்தது. அப்போது கயிறு ஒருமுறை வெடுக்கென்று சுண்டியது. மீனாக இருக்கும் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் அந்த நொடியே கயிற்றை மேலே இழுத்தார். கல் மட்டும் வந்தது. கிழக்கே வெளுத்து, தண்ணீர் சிலிர்த்தது. அவர் மூச்சை விட்டார்.

"யாரு அண்ணாச்சி அது?" என்றேன்.

"எங்கிட்டக் கேட்டா? விடியக்காலம் ஆண்டவரு எல்லாருக்கும் இன்னொரு மூச்சு குடுக்காரு. அவனுக்கு மட்டும் இல்லன்னா சொல்லுவாரு? வாரும், காப்பி குடிப்போம்."

திரும்பும்போது கரையோர வீடு ஒன்றில் ஜன்னல் திறந்திருந்தது. நான் பார்த்ததும் சாத்திக்கொண்டது. பிலோமினாவின் வீடு அது.

அன்றிலிருந்து விடியலில் விழிப்பு வந்தால் என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன். எதற்காகக் காத்திருக்கிறேன் என்று நினைத்தாலே நடுக்கம் வருகிறது. ஆனாலும் அந்த நேரத்தை நான் இழக்க விரும்பவில்லை. நான் மனமாரச் செய்யும் பிரார்த்தனை அது ஒன்றுதான்.

போன வாரம் அதே பாலத்தில், கையில் சுற்றிய கயிற்றோடு உட்கார்ந்தபடியே அண்ணாச்சி போய்விட்டார். ஜன்னலிலிருந்து பார்த்து முதலில் ஓடிவந்தவர் தங்கைதான். மாலையில் அடக்கம் என்றார் பங்குச்சாமியார். பிலோமினா ஒப்பவில்லை. "விடியக்காலம் காத்து விழுத நேரம் பாத்துத்தான் சாமி இறக்கணும்" என்றார்.

மறுநாள் விடியலில் கல்லறைத் தோட்டத்தில், பெட்டியை இறக்க ஆண்கள் கயிற்றைப் பிடித்தார்கள். ஒருவர் கையிலிருந்த கயிற்றை அந்த அம்மாள் வாங்கிக்கொண்டார். பொம்பளைகள் பிடிப்பதில்லையே என்று யாரோ முனகினார்கள்.

"எனக்குத் தெரியும். இத்தன வருசமா பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

பெட்டி இறங்கத் தொடங்கியது. குழியின் பக்கம் குனிந்து, "பயப்படாம இறங்குங்கண்ணே. கயிறு எங் கையிலதான் இருக்கு" என்றார். ஓர் இலைகூட அசையவில்லை. நாங்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பெட்டி தரையைத் தொட்டதும் மற்றவர்கள் கயிற்றை விட்டார்கள்.

போய் வாருங்கள் அண்ணாச்சி. காற்று எழும் வரைக்கும் உங்கள் தங்கை கயிற்றை விடவில்லை.