யாக்கோபண்ணர் உறங்கவைத்த கணினி

என் மனுசன் பெனடிக்ற் காலையில் லிபெர்த்தா வீதியில் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டைத் துடைப்பார். பின்னேரத்தில் ஒரேத்தோ வீதியில் எங்கள் குசினி மேசையில் பலெர்மோத் தமிழரின் கணினிகளைப் பிரித்துப்போடுவார். கோப்பை வைக்க இடமில்லை என்று நான் கத்தாத நாளில்லை. "கொஞ்சம் பொறு, கிளறா" என்பார். இருபது வருடமாகப் பொறுக்கிறேன்.

மாசி மாதத்தில் மரியமலரக்கா ஒரு மடிக்கணினியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தார். அவருடைய கணவர் யாக்கோபண்ணர், போன பங்குனியில் வேலைக்குப் போன வீட்டுப் படிக்கட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்தவர். தவக்காலத்தில் எங்கள் மன்னார் ஆட்கள் பசாம் படிப்பார்கள். ஆண்டவரின் பாடுகளை ஒப்பாரி போல இழுத்துப் படிப்பது அது. யாக்கோபண்ணர் படித்தால் என் போன்ற வாய்க்காரியும் அழுவாள். அவர் கடைசியாகப் பதிந்த பசாம் அந்தக் கணினிக்குள் இருந்தது. அதை இந்த முறை கோயிலில் போடவேண்டும் என்பதுதான் அக்காவின் ஒரே ஆசை.

அண்ணரின் பதிவு மென்பொருள் பழைய விண்டோசில்தான் ஓடும். அதற்காக, கணினிக்குள்ளேயே இன்னொரு பழைய கணினியை ஓட்டுகிற 'வேர்ச்சுவல் மெசின்' ஒன்றை வைத்திருந்தார். அதைத் திறந்தால் போதும், நீலத்திரை வந்து முழுக் கணினியும் நின்றுவிடும்.

"அவர்தான் விடுறாரில்லை," என்றார் அக்கா. "தவக்காலம் துவங்க முந்திப் பசாம் போடக்கூடாதெண்டு எப்பவும் சொல்லுறவர். தீர்த்தமும் தெளிச்சுப் பாத்திட்டன்."

"கீபோட்டிலயோ? ஐயோ அக்கா, தண்ணி போனா உண்மையாவே செத்துப்போகுமே!"

பெனடிக்ற் சிரித்தார். மூன்றாம் முறையும் அதே இடத்தில் நின்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கையில் மயிர் சிலிர்த்ததைப் பார்த்தேன். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

யாக்கோபண்ணர் அந்த உள் கணினியை மூடவில்லை, பாதி வேலையில் அப்படியே உறங்கவைத்திருக்கிறார். அந்த உறக்கத்தை அழித்தால் அது சுலபமாகத் திறந்துவிடும். ஆனால் சேமிக்காத பதிவும் அதோடு போய்விடும்.

"அழிச்சுப்போடாதை தம்பி," என்று அக்கா பெனடிக்ற்றின் கையைப் பிடித்தார். "அந்தக் குரலும் போனா எனக்கு ஆர் இருக்கினம்?"

நான்கு நாள் அந்த மேசையில் நாங்கள் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் காரணம் பிடிபட்டது. அண்ணர் செத்தபிறகு, சாரதிப் பரீட்சைக்குப் படிக்க, அக்காவின் மகள் ஜெனுஷா கைபேசிச் செயலிகளைக் கணினியில் ஓட்டும் மென்பொருள் ஒன்றைப் போட்டிருந்தாள். அதுவும் இதே வகைதான். ஒரே குசினிக்குள் இரண்டு மாமிமார் நின்றால் சட்டி உடையாமல் என்ன செய்யும்! பெனடிக்ற் எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிட்டு, ஜெனுஷாவின் மென்பொருளைக் கழற்றினார்.

அன்று திருநீற்றுப் புதன். அக்கா கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு நேரே வந்திருந்தார். பெனடிக்ற் திறந்தார். நீலத்திரை வரவில்லை. யாக்கோபண்ணர் விட்டுப்போன திரை, விட்டபடியே எழும்பியது. தவக்காலம் துவங்கின நாள் பார்த்து!

"எங்கையப்பா போனியள்?" அக்கா திரையைத் தொட்டுக் குழறி அழுதார். "என்னை விட்டிட்டு எங்கை போனியள்?"

அப்போதுதான் பெனடிக்ற் கண்டார், மூலையில் சிவப்புப் புள்ளி எரிந்தது. பதிவு நடுவில் உறங்கிய கணினி, எழும்பியதும் பதிவைத் தொடர்ந்திருக்கிறது. அவசரமாக நிறுத்திச் சேமித்தார். பிறகு முதலிலிருந்து போட்டார்.

யாக்கோபண்ணரின் குரல் வீடு முழுக்க நிறைந்தது. சிலுவையடியில் நிற்கும் தாயின் புலம்பலுக்கு வந்தார். ஓர் அடியின் பாதியில், தூரத்திலிருந்து இன்னொரு குரல் கூப்பிட்டது. அது அக்காவின் குரல்.

"பஸ் போகப்போகுதப்பா, அதை விட்டிட்டு வாங்கோவன்!"

"இந்தா வாறன் மலர்."

அடுத்த கணம், இடைவெளியே இல்லாமல், அக்காவின் இன்றைய அழுகை: "எங்கையப்பா போனியள்?"

அவர் செத்த நாள் காலை அது. நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். பெனடிக்ற் அக்கா பக்கம் திரும்பினார்.

"கோயிலுக்குக் குடுக்கேக்கை கடைசித் துண்டை வெட்டிவிடட்டோ அக்கா?"

அக்கா முகத்தைத் துடைத்தார். சாம்பல் கன்னத்தில் இழுபட்டது.

"வேண்டாம் தம்பி. நான்தானே அவசரப்படுத்தினனான். எல்லாரும் கேக்கட்டும்."