தையலுக்குள் இருந்த நிறம்

1994 வைகாசியில், அவிநாசி சாலையோரச் சாயப்பட்டறை ஒன்றுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு பழைய பனியன் வந்து சேர்ந்தது. நானூறு வருடக் கல்லூரி ஒன்றின் படகுப் போட்டிக்காரர்கள் போடுவது. அதே நிறத்தில் ஆயிரம் வேண்டும். முதலில் கைக்குட்டையளவு மாதிரித் துணி போக வேண்டும்; அது ஒத்துவராவிட்டால் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும்.

நிறம் பிடிப்பது அன்னூர் ஜெபராணியின் வேலை. பன்னிரண்டு வருடமாக லேப் அவள் பொறுப்பு. அவள் கண்ணை ஏமாற்றிய சாயம் இன்னும் வரவில்லை என்பார்கள்.

ஆர்டர் கொண்டுவந்த ஏஜெண்ட் லியோ அந்தக் கல்லூரியைப் பற்றிக் கதை கதையாகச் சொன்னான். புல்தரையில் ஆசிரியர்கள் மட்டுமே நடக்கலாமாம். கல்லூரியைத் தொடங்கியவள் ஒரு கம்பளி வியாபாரியின் விதவை. அவள் எழுதிவைத்தபடி, அவள் நினைவுநாளில் இன்றும் பட்டாணிக் கஞ்சிதானாம். உடைந்த நாற்காலியை மாற்றவும் கூட்டம் போடுவார்களாம்.

"எங்கூட்டு எருமை அந்தப் புல்லுல எறங்குனா எத்தன கூட்டமுங்க?" என்று பாய்லர்காரர் வெள்ளியங்கிரி கேட்க, பட்டறையே சிரித்தது.

ஜெபராணி பனியனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வெளியே வாடிய கத்திரிக்காய் நிறம். தோள் தையலைப் பிரித்தாள். வெயில் படாத உள்மடிப்பில் நாவற்பழத்தின் அடர்நிறம்.

முதலாளி வரதராஜுலு வெளிநிறத்தைப் பிடிக்கச் சொன்னார். அனுப்பியதையே திருப்பிக் கொடுத்தால் வம்பில்லை என்பது அவர் கணக்கு.

"கஞ்சியக்கூட மாத்தாதவங்க வெளுத்த நெறத்தையா சார் கேப்பாங்க? அவங்க நெறம் உள்ள இருக்குதுங்க. தப்பாப் போச்சுன்னா நான் வேலைய உட்டுப்போட்டுப் போயிர்றனுங்க."

அவர் உள்மடிப்பை விரித்துப் பார்த்தார். பிறகு மாதிரிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். லியோ எழுதிய நாலு வரி விளக்கத்தோடு உள்நிறம் மட்டும் போயிற்று.

மூன்று வாரம் பதிலில்லை. இன்னொரு பட்டறை வெளிநிறத்தை அனுப்பிவிட்டதாகக் கேள்வி. ஜெபராணிக்கு மதியச் சாப்பாடு பாதியிலேயே நின்றது.

ஒரு காலையில் ஃபேக்ஸ் தாளோடு முதலாளியே லேபுக்கு வந்தார். கல்லூரியில், பெட்டியில் பூட்டிவைத்திருந்த முதல் படகுக் கொடியை எடுத்து, அவள் துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களாம்; இரண்டும் ஒரே நிறமாம். அனுப்பியிருந்தது அந்தக் கொடிக் காலத்துப் பனியன். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் வெளுத்த பனியனைப் பார்த்தே அடுத்ததை நெய்ததில், கல்லூரி தன் நிறத்தையே தொலைத்திருந்தது. இனி அவள் துணிதான் நிறத்துக்கு அளவுகோல். அதைத் தங்கள் பதிவேட்டில் ஒட்டிவிட்டார்கள்.

"எந்த வெளிச்சத்துல பாத்தாங்கன்னு போட்டிருக்குதுங்களா?" என்றாள்.

"வடக்கு சன்னலோரம், பகல்லீங்க அம்மணி. நேர்வெயில் படாத எடமாம்."

"அப்பச் சரியாத்தான் பாத்திருக்கறாங்க."

தராசை இழுத்து, ஆயிரத்துக்கான சாயத்தை நிறுக்கத் தொடங்கினாள்.