என்னைக் கார் ஓட்டச் சொன்ன பத்து நாள்

எனக்கு மைனஸ் நாலு. பெண் பார்க்க வந்த அன்றைக்கே அதைச் சொல்லிவிட்டேன். பாளையங்கோட்டை வீட்டில் அம்மா, "போட்டோவுக்காவது கண்ணாடியக் கழட்டிட்டு நில்லேன்" என்று கெஞ்சிப் பார்த்தாள். மாட்டேன் என்றேன். கழற்றினால் மாப்பிள்ளை எந்த நாற்காலியில் இருக்கிறார் என்றே எனக்குத் தெரியாது. செகந்திராபாத்திலிருந்து வந்திருந்த அவருடைய அம்மா கேட்ட முதல் கேள்வியே, "பவர் எவ்ளோம்மா?" என்பதுதான். சொன்னேன். மாப்பிள்ளைதான், "எனக்கு அது ஒரு மேட்டரே இல்ல" என்றார். அம்மா அடுக்களைக்குள் போய் ஸ்தோத்திரம் சொன்னாள்.

"எங்க வீட்ல யாருக்கும் கண்ணாடி இல்ல. ஆனா நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல" என்று அவருடைய அம்மாவும் சேர்ந்துகொண்டார். அந்தப் பெருந்தன்மைக்கு நான் எத்தனை மாதம் நன்றியோடு இருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்யாணம் முடிந்து அவர் ஊருக்கு, கொண்டாப்பூர் ஃபிளாட்டுக்கு வந்தோம். இரண்டு பேருக்கும் பத்து நாள் லீவு. மூன்றாம் நாள் அவர் கார் சாவியை என் கையில் கொடுத்து, "நீ ஓட்டு. எனக்கு உன் பக்கத்துல உக்காந்து வர்றதுதான் பிடிச்சிருக்கு" என்றார். லைசென்ஸ் இருந்தது, தைரியம்தான் இல்லை. எங்கள் வீட்டில் அப்பா காரைத் துடைக்கக்கூட என்னை விட்டதில்லை. ஆனால் இப்படி ஒரு மனிதர் கேட்டால் எப்படி மறுப்பது? ஓட்டினேன். போவன்பள்ளியில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு, காய்கறி லாரிகளுக்கு நடுவே, வேர்த்து விறுவிறுத்து ஓட்டினேன். சிக்னலில் நின்றால், "அந்த போர்டுல என்ன போட்டிருக்கு, வாசி. நீ தெலுங்கு எழுத்துக் கூட்டறது நல்லாருக்கு" என்பார். சர்ச்சில் பாட்டு வரிகளைத் திரையில் போட்டபோது அவர் பாடவில்லை. என் பக்கம் குனிந்து, "நீ பாடு, நான் கேக்கறேன்" என்றார். ஊருக்கு போன் போட்டு அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு, மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

லீவு முடிந்தது. அமெரிக்காக்காரர்களோடு பேச வேண்டியிருக்கிறது என்று அவர் பாதி நாள் ராத்திரி பக்கத்து அறையிலேயே படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். அடுத்த வாரம் கார் சாவி அவர் கைக்குப் போனது. போர்டு வாசிக்கச் சொல்வது நின்றது. சர்ச்சில் என் குரலே கேட்காத அளவுக்குச் சத்தமாகப் பாடினார். ஒரு மாதத்துக்குள் அவருக்கு நான் சலித்துப்போய்விட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். என்ன தப்பு செய்தோம் என்று யோசித்து யோசித்து, கடைசியில் என் மூக்கின் மேல் இருந்த கண்ணாடியில் வந்து நின்றேன். மாமியாரும் சும்மா இருக்கவில்லை. "பொறக்கற பிள்ளைக்கு உன் கண்ணு வந்துடக் கூடாது" என்பார், குழம்பு ஊற்றிக்கொண்டே.

ராத்திரி போட்டுக்கொண்டு தூங்கினால் பகலெல்லாம் கண்ணாடி வேண்டாம், அப்படி ஒரு லென்ஸ் இருக்கிறது என்று ஆபீசில் ஒருத்தி சொன்னாள். யாரிடமும் சொல்லாமல் மதியம் பேகம்பேட்டில் ஒரு கண் கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். லென்ஸ் கொஞ்சம் கெட்டியானது. தூங்கும்போது கருவிழியை லேசாக அமுக்கி வைத்திருக்கும். காலையில் கழற்றிவிட்டால் அன்று முழுக்கத் தெளிவாகத் தெரியும். ஆனால் போடுவதை நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் பழைய பவர் திரும்ப ஆரம்பித்துவிடும். "தூரத்துல இருக்கற போர்டு, ஸ்க்ரீன் எல்லாம் மங்கலாயிடும். அப்போ மட்டும் வண்டி ஓட்டாதீங்க" என்றாள்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. லென்ஸைக் கழற்றுவதற்கு என்று ஒரு சின்ன ரப்பர் குச்சியை அவள் எடுத்துக் காட்டினாள். தீக்குச்சி நீளம், முனையில் குட்டிக் கிண்ணம். அதே மாதிரி ஒன்று எங்கள் வீட்டில் அவருடைய ஷேவிங் பையில் இருக்கிறது. இது என்ன என்று ஒருமுறை கேட்டதற்கு, இயர்போன் சுத்தம் பண்ணுவது என்றார். நான் அதை வைத்து என் இயர்போனைச் சுத்தம் செய்துகூடப் பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் அவருடைய குச்சியை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அவர் முகம் ஒரு நொடிதான் மாறியது.

"ஹவ், ஆமா, லென்ஸ்தான். மைனஸ் மூணு. காலேஜ் முடிச்சதுலேர்ந்து போடறேன். அந்தப் பத்து நாள் மட்டுந்தான் ராத்திரி உன் முன்னாடி போட முடியல. பகல்ல எனக்குப் பவரே இல்லியே, அப்புறம் பொய் எங்க வந்துச்சு?"

"அப்போ என் கண்ணு உங்களுக்கு மேட்டரே இல்லன்னு சொன்னது?"

"அதுவும் நிஜம்தானே!"

அம்மாவுக்கு போன் போட்டு என்னிடம் நீட்டினார். மாமியார் அந்தப் பக்கத்திலிருந்து, "அவனுக்கும் பவர் இருக்குன்னா பொண்ணு குடுப்பாங்களா? கைக்கு, எதுக்கு இவ்ளோ பெருசு பண்றே? நக்கோமா, வேணாம், விடு" என்று அவங்க ஊர் உருது கலந்து சொன்னார். மூன்று ஞாயிறு சர்ச்சில் எங்கள் கல்யாண ஓலையை வாசித்து, தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று போதகர் கேட்டபோது, முன் பெஞ்சில் இருந்தவர் இவர். மைனஸ் மூன்று ஒரு தடையே இல்லை, எனக்கும் தெரியும். சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே சரி என்றிருப்பேன். என் கண்ணைக் குறை என்று சொல்லி, அதைப் பொறுத்துக்கொண்டதாகவும் சொல்லி, இரண்டு பேருமாக என்னைக் குனியவைத்தார்களே, அதுதான் ஆறவில்லை.

போனை வைத்த பிறகு அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். என் கல்யாணத்தில் எனக்கென்று மிச்சம் இருந்தது அந்தப் பத்து நாள்தான், அதையாவது காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தேன்.

"போர்டு தெரியலன்னு மட்டுந்தான் என்னய ஓட்டச் சொன்னீங்களா? ஒரு நாளாவது பிடிச்சிருந்துச்சா?"

அன்றைக்கு அவர் பொய் சொல்லியிருக்கலாம், நான் நம்பியிருப்பேன்.

"பயமா இருந்துச்சு" என்றார். "எதிர்ல லாரி எவ்ளோ தூரத்துல வருதுன்னே எனக்குத் தெரியாது. நீயும் புதுசு. சிக்னல்ல நிக்கறப்போ தவிர போவன்பள்ளி வர்ற வரைக்கும் கண்ணை இறுக்கி மூடிட்டு உக்காந்திருப்பேன்."

அவர் கண்ணை மூடியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அசந்து தூங்குகிறார் என்று நினைத்து, விழித்துக்கொள்ளக் கூடாதே என்று பாட்டைக் குறைத்து வைத்துவிட்டு மெதுவாக ஓட்டினேன்.