திரை விலகும்வரை அசையாத அண்ணா

எங்கள் அன்பு அண்ணா, மாயவரத்திலிருந்து மத்திய அரசு வேலைக்கு வந்த எங்கள் பெற்றோருக்குத் தலைப்பிள்ளையாகத் தலைநகரின் கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் பிறந்தார். டவுன் சிண்ட்ரோமும் இதயத்தில் ஓட்டையும் கூடவே வந்தன. பிடிவாதம் மட்டும் குடும்பச் சொத்து.

தொண்ணூறுகளின் கடைசியில் அவருக்கு இரு கண்களிலும் புரை முற்றியது. வாசலில் தலை தெரிந்தாலே பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர், குரல் கேட்டால்தான் ஆளை அறிந்தார். முழு மயக்கம் கொடுத்துத்தான் ஆபரேஷன் என்றார் கண் டாக்டர். இதயம் தாங்காது என்றார் இதய டாக்டர். கடைசியில், கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்யலாம், ஆனால் முகத்தை மூடியிருக்கும்போது தலை அசைந்தால் கண்ணுக்கே ஆபத்து என்றார்கள். முடிவெட்டவே இரண்டு பேர் பிடிக்க வேண்டிய அண்ணாவா அசையாமல் இருப்பார்? சொந்தக்காரர்கள் வேண்டவே வேண்டாம் என்றார்கள்.

அம்மாவுக்குத்தான் யோசனை வந்தது. கிருத்திகைதோறும் முருகன் கோயிலில் அலங்காரத்துக்குத் திரை போட்டதும் அண்ணா கைகூப்பி அசையாமல் நிற்பார். நாங்கள் பேசினால் முறைப்பார். அவரைப் படுக்கவைத்து முகத்தில் துண்டைப் போட்டு, “திரை போட்டாச்சுப்பா. தெறக்கிற வரைக்கும் அசையப்படாது” என்று அம்மா தினமும் பழக்கினார். முதல் நாள் துண்டை உதறிவிட்டுச் சிரித்தார். அப்புறம் துண்டுக்குள்ளிருந்தே எங்களை ‘உஷ்’ என்று அடக்கத் தொடங்கினார்.

ஆபரேஷன் அறையில் அவர் கையைப் பிடித்துக்கொள்ள என்னை அனுமதித்தார்கள். கண்ணருகே ஊசி இறங்கியபோது என் விரல்கள் நொறுங்கும்படி பிடித்தார். தலை இம்மியும் நகரவில்லை. எல்லாம் முடிந்து டாக்டர் துணியை எடுத்ததுதான் தாமதம், அண்ணா இரு கைகளையும் தலைக்கு மேல் கூப்பி, “அரோகரா!” என்று முழங்கினார். டாக்டர் பதறி, என்ன ஆச்சு என்று இந்தியில் கேட்டார். மலையாள நர்ஸ் மட்டும் சிரித்துக்கொண்டே, “ஹர ஹரோ ஹர ஹர” என்று பதில் குரல் கொடுத்தார். எனக்கு அங்கேயே துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

மறுநாள் கட்டுப் பிரித்ததும் என்னையே பார்த்தார்.

“பாப்பா, ஏன் அழுவுறே?”

நான் சத்தமே போடாமல்தான் அழுதுகொண்டிருந்தேன்.

அடுத்த கண்ணுக்கு அவரே முதல் ஆளாகப் போய்ப் படுத்தார். பல வருஷங்களுக்குப் பிறகு, சென்ற ஆண்டு அவர் இதயம் ஓய்ந்தது. கடைசி நாளில் பேச்சு நின்ற பிறகும் கட்டிலைச் சுற்றி நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டுப் போக அவருக்குக் கண் கொடுத்த டாக்டருக்கும், அந்த நர்ஸுக்கும், துணை நின்ற உங்கள் அனைவருக்கும், அவருடைய இந்த முதலாண்டு நினைவு நாளில் எங்கள் நமஸ்காரம்.