ஆர்லிஸ் கடைந்த குழல்

எங்கள் ஊரான கெட்டில் கிரீக்கில் ஓர்வில் ட்வைட் செய்யும் துப்பாக்கிக்காகப் பக்கத்து மாநிலங்களிலிருந்தெல்லாம் ஆள் வருவார்கள். எருமை வேட்டைக் காலத்து வகை அது. ஒரு முறைக்கு ஒரே தோட்டா. பித்தளைக் கூட்டுக்குள் கருமருந்து என்னும் வெடிமருந்தை இறுக்கி, அதன் மேல் சுண்டுவிரல் தடிமனுக்கு ஈயக் குண்டு. குழலின் மேல் பக்கத்தில் 'ஓ. ட்வைட்' என்று சிறிதாக அடித்திருக்கும்.

குழலைக் கடைந்தது அவருடைய மனைவி ஆர்லிஸ் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். யாரும் சொல்வதில்லை. ஓர்வில் துப்பாக்கியின் மரக்கட்டை வேலை பார்ப்பார், தோட்டா கட்டுவார், வாடிக்கையாளரிடம் பேசுவார். நீண்ட இரும்புத் தண்டில் துளை போடுவதும், குண்டு சுழன்று போக உள்ளே சுற்று வரி வெட்டுவதும், தோட்டா உட்காரும் அறையைக் கடைவதும் அவள். லேத்தைப் போட்டுவிட்டு அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். வெட்டுகிற சத்தம் மாறினால் கைக்குத் தெரிந்துவிடுமாம்.

இதைச் சபையில் போட்டு உடைத்தவன் ஓர்வில்லின் தம்பி டுவேன். ஒரு சனிக்கிழமை காபிக் கடையில் வெளியூர்க்காரர் ஒருவர் ஓர்வில்லை ஓகோவென்று புகழ்ந்துகொண்டிருந்தார். டுவேன் சிரித்துவிட்டான்.

"குழல் பூரா ஆர்லிஸ் கடையுறா. இவன் கட்டையைத் தேய்ச்சுட்டுப் பேரை மட்டும் அடிச்சுக்கறான்."

ஓர்வில் எழுந்து வெளியே போனார். ஆர்லிஸ் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். பக்கத்து மேசையில் நான் இருந்தேன். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசவில்லை. எதிரே வண்டி வந்தால் ஓர்வில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பல வருஷம் கழித்து, ஒரு ஜூலையில், ஓர்வில் கையில் அரத்தோடு பட்டறையில் சாய்ந்தார். பக்கவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியில் அழைத்து வந்து பட்டறை ஜன்னலோரம் உட்கார வைத்தாள் ஆர்லிஸ்.

நான் அடுத்த பண்ணை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அடிக்கடி போய்ப் பார்ப்பேன். சர்ச் பெண்கள் கொண்டுவந்த இறைச்சி, உருளைக்கிழங்குத் தட்டுகளைத் தொடாமல் அப்படியே குளிர்பெட்டியில் அடுக்கியிருந்தாள். அவள் அழுது நான் பார்க்கவில்லை. தூங்குகிறாயா என்று கேட்டதற்கு, "படுக்கறேன்" என்றாள். ஓர்வில்லைக் குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள், வாயைத் துடைப்பாள். எல்லாவற்றையும் லேத்துக்கு எண்ணெய் விடுகிற மாதிரி ஒழுங்காகச் செய்வாள்.

புதிதாக யாரும் துப்பாக்கி கேட்டு வரவில்லை. முன்பே கேட்டிருந்தவர்களும் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். செப்டம்பரில் டுவேன் வந்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"எனக்கு ஒரு துப்பாக்கி வேணும். ஐம்பது காலிபர், அரை அங்குலத் துளை. இந்த எல்க் மான் வேட்டை சீசனுக்கே."

"ஓர்வில்லால முடியாது."

"நான் ஓர்வில்கிட்ட கேக்கல."

அவனைத் துரத்தியிருக்க வேண்டும் என்று ஆர்லிஸ் பிறகு என்னிடம் சொன்னாள். கோபம் வருகிறதா என்று காத்திருந்து பார்த்தாளாம், வரவில்லையாம். பாதி கடைந்த குழல் ஒன்று கிடந்தது. சரி என்று தலையாட்டிவிட்டாள்.

குழலை அவள் முடித்தாள். ஓர்வில் ஏற்கெனவே செதுக்கி வைத்திருந்த வால்நட் கட்டையில் பொருத்தினாள். பெயர் அடிக்கும் நேரம் வந்தபோது, உன் பெயரை அடி என்றான் டுவேன். அவளிடம் இருந்தது ஓர்வில்லின் பெயர் அச்சு ஒன்றுதான். அதை எடுத்தாள், பிறகு இழுப்பறையிலேயே வைத்துவிட்டாள். குழல் வெறுமனே இருந்தது.

சிக்கல் தோட்டாவில் வந்தது. ஒவ்வொரு குழலுக்கும் பிடித்த மருந்தளவு வேறு. எவ்வளவு கொட்ட வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும், ஈயத்தில் எவ்வளவு வெள்ளீயம் சேர்க்க வேண்டும், இதெல்லாம் ஓர்வில்லின் தலைக்குள் இருந்த விஷயம். அவள் அந்தப் பக்கம் போனதே இல்லை. இரண்டு பேரும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். டுவேன் ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றினான். குண்டுக்குத் தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் கலந்து பூசினார்கள். ஆர்லிஸ் நீளமான பித்தளைக் குழாய் வழியாக மருந்தைக் கூட்டுக்குள் மெல்லச் சரியவிட்டாள். அப்படி விட்டால்தான் மருந்து நெருங்கி உட்காரும். மேலே அட்டை வில்லை, ஒரு அழுத்து, பிறகு குண்டு. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் காற்று நின்றுவிட்டால் குழலே புடைத்துப் போகும்.

பட்டறைக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் சுட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஆர்லிஸ் குழலின் பின்பக்கம் வாய் வைத்து ஊதுவாள். மூச்சின் ஈரம் பட்டால் உள்ளே படிந்த கரி இளகும். உதடு கறுத்துப்போய் பட்டறைக்குள் வருவாள். ஓர்வில் அந்த உதட்டைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அக்டோபரில் ஒரு நாள் நானும் அங்கே இருந்தேன். கட்டி முடித்த தோட்டாக்களை மேசை விளிம்பில் வரிசையாக நிறுத்தியிருந்தாள். ஓர்வில் நாற்காலியை அவரே ஒரு கையால் தள்ளிக்கொண்டு வந்தார். வரிசையையே பார்த்தார். இடக்கையை வீசி மொத்தத்தையும் தரையில் தள்ளிவிட்டார்.

டுவேன் அசையவில்லை. "ஏதோ தப்பு பண்ணியிருக்கோம், ஆர்லிஸ். அதத்தான் சொல்றான். உள்ள காத்து நிக்குதோ என்னவோ."

அவள் முகத்தில் ஏதோ ஓடியது. ஜூலைக்குப் பிறகு நான் பார்த்த முதல் மாற்றம் அது. இருவரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தோட்டாவாகக் குண்டைப் பிடுங்கினார்கள். மருந்தைத் தராசுத் தட்டில் கொட்டி எடை பார்த்தார்கள். அட்டையைப் புரட்டிப் பார்த்தார்கள். அளவு சரி. இறுக்கம் சரி. எதிலும் குறையில்லை.

கடைசிக் கூட்டைக் கீழே வைத்துவிட்டு டுவேன் சொன்னான்: "தப்பு ஒண்ணுமில்ல. என்னைப் பிடிக்கல, அவ்வளவுதான்."

"என்னையும்தான்" என்றாள் ஆர்லிஸ்.

எழுந்து போய் ஓர்வில்லின் மடியில் நழுவியிருந்த கம்பளியை இழுத்துவிட்டாள். பிறகு அதே மருந்தை அதே கூடுகளில் மறுபடி நிரப்பினாள்.

சீசன் தொடங்கியது. நீயும் வா என்று டுவேன் கேட்டான். அவளுக்கும் ஒரு வேட்டை அனுமதிச் சீட்டு வாங்க வைத்திருந்தான். ஓர்வில்லை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அத்தனை வருஷம் குழல் கடைந்தவள் அதுவரை ஒரு மிருகத்தைக் கூடச் சுட்டதில்லை.

அங்கே நடந்ததை டுவேன்தான் எனக்குச் சொன்னான். வெளுக்கும் நேரத்தில் பைன் மரங்களுக்குக் கீழே ஒரு பெட்டை எல்க் தனியாக நின்றதாம். இவன் துப்பாக்கியை அவளிடம் நீட்டினான். அவள் மறுக்கவில்லை. மண்டியிட்டு, குறுக்காக ஊன்றிய குச்சிகள் மேல் குழலைச் சாய்த்துச் சுட்டாள். கருமருந்துப் புகை வெள்ளையாக எழுந்து முன்னால் சுவர் போல நின்றுவிட்டது. காற்றே இல்லை. எதுவும் தெரியவில்லை. டுவேன் பக்கவாட்டில் ஓடிப் பார்த்தான்.

"விழுந்துருச்சு ஆர்லிஸ். நின்ன இடத்துலயே."

அவள் அந்தப் புகைக்குள் மண்டியிட்டபடியே இருந்தாளாம். கூட்டை உருவிக் கீழே போட்டுவிட்டு, வழக்கப்படி வாய் வைத்துக் குழலை ஊதினாளாம்.

என்ன தோணுச்சு என்று அன்று சாயங்காலம் கேட்டேன். கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் தோணல. சந்தோஷமும் இல்ல, பாவமும் இல்ல. வயித்தைக் கிழிச்சு உள்ள கையை விட்டப்ப சூடா இருந்துச்சு. கொஞ்ச நேரம் எடுக்காம அப்படியே வச்சிருந்தேன்."

அந்த இறைச்சியை மசித்து ஓர்வில்லுக்கு ஊட்டினாள். யார் சுட்டது என்று அவருக்குத் தெரியும். வாயைத் திறந்து சாப்பிட்டார்.

ஜனவரியில் இரண்டாவது முறை பக்கவாதம் வந்து அவர் போய்விட்டார். அதுவரை டுவேன் வாராவாரம் வந்துகொண்டுதான் இருந்தான். ஓர்வில் கடைசி வரை அவன் பக்கம் திரும்பவில்லை. சவப்பெட்டியின் தலைமாட்டை டுவேன் தூக்கினான். அடக்கத்துக்குப் பிறகு சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபி ஆறிக்கொண்டிருந்தது. ஆர்லிஸ் வந்தவர்கள் எல்லோருக்கும் நன்றி சொன்னாள், தட்டுகளைக் கழுவினாள், வீட்டுக்குப் போய் லேத்தைப் போட்டாள். சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது.

டுவேனின் துப்பாக்கியைப் பார்த்த ஒருவர் அதே போல ஒன்று கேட்டிருந்தார். பிறகு இன்னொருவர். கட்டை வேலைக்கு டுவேன் உட்கார்ந்தான். அவனுக்கு அது சரியாக வரவில்லை. இழைத்ததை அவள் கையில் வாங்கித் தடவிப் பார்ப்பாள்.

"இது துப்பாக்கிக் கட்டையா, வேலிக் கட்டையா?" என்று கேட்பாள். சிரிக்காமல்தான் கேட்பாள். அவன் மறுபடி இழைப்பான்.

மார்ச் மாதம் பனி இளகிச் சாலையெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு மத்தியானம், ஆர்லிஸ் என் சமையலறைக் கதவைத் தட்டினாள். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றாள்.

"பசிக்குது" என்றாள். ஜூலைக்குப் பிறகு அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

நான் பன்றி இறைச்சி வறுத்துக்கொண்டிருந்தேன். தட்டு நிறைய வைத்தேன். சாப்பிட்டாள். இன்னொரு தட்டு கேட்டாள். அதையும் முடித்துவிட்டு ரொட்டியால் தட்டைத் துடைத்துத் தின்றாள். முடிந்ததும், உப்பு கொஞ்சம் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.